வால்வு இல்லாத டிரம்பெட் எப்படிப் பாடுகிறது?

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இரண்டாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவில், அதாவது தனிக்கருவிகளும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பில், நான்கு தனிக்கருவிகள்: வயலின், ஓபோ, ரெக்கார்டர், டிரம்பெட். முதல் மூன்றில் விரலை மாற்றினால் ஸ்வரம் மாறும். நான்காவதில் விரலுக்கு வேலையே இல்லை. இன்றைய டிரம்பெட்டில் நாம் பார்க்கும், விரலால் அழுத்தி ஸ்வரத்தை மாற்றும் வால்வுகள் 1810-களில்தான் வந்தன; பாக் இந்தத் தொகுப்பைப் பிராண்டன்பர்க் கோமகனுக்கு அனுப்பியது 1721-இல். அவர் காலத்து டிரம்பெட் மடித்து வளைத்த ஒரு பித்தளைக் குழாய், அவ்வளவுதான். இந்தப் படைப்புக்கு அது ஏறத்தாழ 6 அடி நீளம் இருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றோடும் ஈடுகொடுத்து ஓட வேண்டும்.

ஊதும்போது உதடுகள் அதிர்ந்து, குழாய்க்குள் அழுத்த அலைகளை அனுப்புகின்றன. குழாயின் மறுமுனையிலுள்ள விரிந்த வாயை எட்டியதும் அலையின் பெரும்பகுதி வெளியேறாமல் உள்ளேயே திரும்பி வருகிறது. உதடு அடுத்த முறை திறக்கும் நேரத்துக்குச் சரியாக அது வந்து சேர்ந்தால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவது போல, அதிர்வு வலுப்பெற்று ஸ்வரம் நிலைக்கிறது. நேரம் தப்பினால் ஒலி உடைகிறது. ஆகவே குழாய் சில அதிர்வெண்களை மட்டும்தான் ஏற்கும்.

எவற்றை? பாக் காலத்து இசையை, அதாவது பரோக் இசையை, வாசிக்கும் இன்றைய குழுக்கள் ஏ என்ற ஸ்வரத்துக்கு வழக்கமாக வைக்கும் 415 ஹெர்ட்ஸ் ஸ்ருதியில் இந்த டிரம்பெட்டின் அடிப்படை அதிர்வெண் சுமார் 82 ஹெர்ட்ஸ். அதன் 2, 3, 4, 5 என முழுஎண் மடங்குகள்தான் கையிருப்பு. அடிப்படையை ஸ என்று கொண்டால் 2-வது மடங்கு மேல் ஸ, 3 ப, 4 மறுபடி ஸ, 5 அந்தர காந்தாரம், 6 ப. தம்புராவில் ஸ்ருதி சேர்ந்ததும் யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் கேட்குமே, அது இந்த 5-வது மடங்குதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. உதடு ஒரு முனையை அடைத்துவிடுகிறது. ஒரு முனை மூடிய நேர்குழாய் 1, 3, 5 என்று ஒற்றைப்படை மடங்குகளையே தர வேண்டும். வடிவம்தான் இதைச் சரிசெய்கிறது. விரிந்த வாயில் தாழ்ந்த அலைகள் சீக்கிரமே திரும்பிவிடுவதால் அவற்றுக்குக் குழாய் குட்டையாகத் தெரிகிறது, அதிர்வெண் ஏறுகிறது. ஊதுமுனையின் கிண்ணமோ உயர்ந்த அதிர்வெண்களைக் கொஞ்சம் கீழே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து வரிசையை 2, 3, 4 என்று ஒழுங்காக்குகின்றன. முதல் ஒத்ததிர்வு மட்டும் இந்த ஒழுங்குக்கு வராது. நல்லவேளையாக, அதை யாரும் கேட்பதும் இல்லை.

சரி, ஸ, ப, ஸ, க, ப வைத்துப் போர்முரசோடு முழங்கலாம். மெட்டுப் பாட முடியுமா? அதற்கு 8-வது மடங்குக்கு மேலே போக வேண்டும். மேலே போகப்போக மடங்குகள் நெருங்குகின்றன: 8 ஸ, 9 ரி, 10 க, 12 ப, 15 காகலி நிஷாதம், 16 ஸ. கிட்டத்தட்ட முழு ஆரோகணமே கிடைத்துவிடுகிறது. பாக் 18-வது மடங்கு வரை, அதாவது 1,480 ஹெர்ட்ஸ் பக்கம் வரை ஏற்றுகிறார். கீழே ஸ-வுக்கும் ப-வுக்கும் நடுவே வெறும் பள்ளம். மேலேயோ உதட்டின் இறுக்கம் மயிரிழை பிசகினாலும் பக்கத்து ஸ்வரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்று வால்வுக் கருவியில் இதை வாசிப்பவர்கள் பெரும்பாலும் மிகக் குட்டையான பிக்கலோ டிரம்பெட்டை எடுப்பது இதனால்தான். அதில் இதே ஸ்வரங்கள் 8-வது மடங்குக்குள் அடங்கிவிடும். ஒன்றுக்கொன்று இடைவெளியும் தாராளம்.

மேலே இன்னொரு வில்லங்கமும் உண்டு. 11-வது மடங்கு சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில் நிற்கிறது. 13-வது எந்தத் தைவதமும் இல்லை. இரண்டையும் வாசிப்பவர் உதட்டாலேயே இழுத்துச் சரிசெய்ய வேண்டும். அது எப்படி முடிகிறது? உயர்ந்த அலைகள் விரிந்த வாயில் அவ்வளவாகத் திரும்புவதில்லை, வெளியே போய்விடுகின்றன. ஒத்ததிர்வு வலுவிழக்கிறது, குழாயின் பிடி தளர்கிறது, உதட்டின் பேச்சு எடுபடுகிறது. தவறுவதற்கு வழிவிடும் அதே தளர்ச்சிதான் திருத்துவதற்கும் வழிவிடுகிறது. எனக்கு இந்தக் கருவியில் பிடித்த விஷயமே இதுதான்.

கருவியின் எல்லை படைப்பின் அமைப்பிலேயே தெரிகிறது. இரண்டாம் பகுதி டி மைனர் என்ற ஸ்வர வரிசையில் இருக்கிறது. அதற்குத் தேவையான ஸ்வரங்கள் இந்தக் குழாயில் முழுதாகக் கிடையாது. டிரம்பெட் அந்தப் பகுதி முழுக்க வாயே திறப்பதில்லை. உதட்டுக்கும் ஓய்வு. அப்புறம் மூன்றாம் பகுதியைத் தொடங்கிவைப்பதே அதுதான்.

இன்றைய பரோக் கச்சேரிகளில் டிரம்பெட் வாசிப்பவரின் விரல்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பலரின் கருவியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். இவை 20-ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை. ஒரு துளையைத் திறந்தால் அடிப்படையே ஸ-விலிருந்து ம-வுக்கு ஏறிவிடும். முரண்டு பிடித்த ம-வும் த-வும் புதிய வரிசையின் ஸ-வாகவும் க-வாகவும் சுத்தமாக வந்துவிழும். மற்றத் துளைகள் ஒன்றுவிட்டு ஒரு மடங்கை அமுக்கி, பக்கத்து ஸ்வரத்தில் விழும் ஆபத்தைக் குறைக்கின்றன. ஒலிப்பதிவுக்குப் பழகிய நம் காதுகளுக்கு இது சௌகரியம். ஆனால் அங்கே உதடு செய்த வேலையில் ஒரு பங்கு விரலுக்குப் போய்விடுகிறது. பிரான்சின் ழான்-பிரான்சுவா மாதெஃப் போன்ற சிலர் துளையே இல்லாத குழாயில் வாசிக்கிறார்கள். இரண்டு விதத்தையும் தேடிக் கேளுங்கள். மத்யமம் வரும் இடங்களில் வித்தியாசம் பிடிபடும். என் ஓட்டு துளையில்லாததற்கு.