வெள்ளி தந்த மஞ்சள்

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஃபேர்ஃபோர்டு என்று ஒரு சிற்றூர். அங்குள்ள தூய மரியாள் பங்குக் கோயிலின் 28 ஜன்னல்களிலும் 1500-களின் தொடக்கத்தில் பதித்த வண்ணக் கண்ணாடி இருக்கிறது. கம்பளி வியாபாரி ஜான் டேம் தொடங்கிய கட்டடத்தை மகன் எட்மண்ட் முடித்தார். மேற்கு ஜன்னலில் இறுதித் தீர்ப்புக் காட்சி. 1703 புயலில் அது சேதமானது. மேலே உள்ள சொர்க்கம் 19ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செய்தது. கீழே உள்ள நரகம்தான் அசல்!

இந்தக் கண்ணாடிகளில் பெரும்பாலான நிறம் உருக்கும்போதே கலந்தது. மணலும் மரச்சாம்பலும் உருகும் குழம்பில் கோபால்ட் சேர்த்தால் நீலம், மாங்கனீசு சேர்த்தால் ஊதா. செம்பு தரும் சிவப்பு மட்டும் அளவுக்கு மீறி அடர்த்தியானது. முழுக் கனத்துக்கும் அதுவே இருந்தால் ஒளி புகாமல் கறுத்துவிடும். அதனால் நிறமற்ற கண்ணாடிமேல் மெல்லிய சிவப்புப் படலமாக ஏற்றினார்கள்.

ஒரு துண்டுக்கு ஒரு நிறம் என்றால், நிறம் மாறும் இடத்திலெல்லாம் வெட்டி, ஈயப் பட்டையால் இணைக்க வேண்டும். தேவதையின் முகத்துக்கும் பொன் முடிக்கும் நடுவே கறுப்பாக ஒரு ஈயக் கோடு ஓடினால் எப்படி இருக்கும்?

முகத்தையும் பொன் முடியையும் ஒரே துண்டில் காட்ட, 1300-களின் தொடக்கத்தில் வழி பிறந்தது. வெள்ளிச் சேர்மத்தைக் களிமண்ணில் குழைத்து, பெரும்பாலும் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பூசிச் சூளையில் வைத்தார்கள். சூட்டில் வெள்ளி அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்கள், கண்ணாடிக்குள் நுழைந்து, அங்கிருந்த பொட்டாசியம், சோடியம் அயனிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எலக்ட்ரான் பெற்று, சில நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்களாகத் திரளும். துகளில் உள்ள எலக்ட்ரான்கள் ஊதா, நீல ஒளியோடு ஒத்ததிர்ந்து அதை விழுங்கிவிடும். மிச்ச ஒளி நம் கண்ணுக்கு மஞ்சள். வெள்ளியும் சூடும் கூடக் கூட, எலுமிச்சை நிறம் ஆரஞ்சை நோக்கிப் போகும். நானோ என்ற பேச்சே இல்லாத காலத்தில், சூளைக்காரரின் கைப்பழக்கம் செய்த வேலை இது.

ஆங்கிலத்தில் இந்த வகை ஜன்னலுக்கே ‘கறையேற்றிய கண்ணாடி’ என்ற பொருளில்தான் பெயர். கறாராகப் பார்த்தால் அந்தப் பெயருக்குப் பொருந்துவது இந்த மஞ்சள் மட்டுமே. கண், மூக்கு, ஆடை மடிப்பெல்லாம் உலோக ஆக்சைடையும் கண்ணாடித் தூளையும் குழைத்து மேலே தீட்டிச் சுட்டவை. ஈரத்தில் அவை உதிரலாம். மஞ்சளோ சுட்ட களிமண்ணைத் துடைத்தெடுத்த பிறகும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும். முகக் கோடுகள் அழிந்துபோன பழைய துண்டுகளில்கூடத் தலைமுடி பொன்னாக மின்னுவதுண்டு.