புகை எப்போது வருகிறது?

வெள்ளை என்றால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), நீலம் என்றால் ஆயில், கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். கார் புகைக்கு எந்தப் பட்டறையிலும் இந்த விளக்கம்தான் கிடைக்கும். தப்பில்லை, ஆனால் பாதி விளக்கம். நிறத்தை வைத்து என்ன எரிகிறது என்று ஊகிக்கலாம். அது எந்த வழியாக உள்ளே வந்தது என்று தெரிய, புகை எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும்.

நிறமும் சில நேரம் ஏமாற்றும். ஆயில் ஆவி சைலன்ஸரை விட்டு வெளியே வந்து குளிரும்போது மிக நுண்ணிய துளிகளாகிறது. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளிகள் நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜான் டிண்டால் ஆராய்ந்த விளைவு இது. நீராவித் துளிகள் அளவில் பெரியவை, எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகின்றன. கறுப்புப் புகையில் இருக்கும் கரித்தூள் ஒளியை விழுங்கிவிடுகிறது. ஆயில் துளிகளே ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதானால் நீலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். தூரத்தில் நின்று பார்த்து ‘வெள்ளைப் புகை’ என்று முடிவு கட்டுவது ஆபத்து.

உண்மையான வெள்ளையிலும் பெரும்பகுதி வெறும் தண்ணீர்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. ஊட்டியில் காலையில் ஸ்டார்ட் செய்த காரின் பின்னால் வெண்மேகம் எழுந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, சைலன்ஸர் சூடானதும் நின்றுவிடும். மே மாத மதியம், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அடர்த்தியாக வந்து, லேசான இனிப்பு வாசனையும் அடித்தால் இன்ஜின் பிளாக்குக்கும் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். வண்டியை நிறுத்திய பிறகும் கூலண்டில் அழுத்தம் கொஞ்ச நேரம் இருக்கும். கேஸ்கெட்டில் விரிசல் இருந்தால் அந்த அழுத்தத்தில் கூலண்ட் சிலிண்டருக்குள் கசிந்து தேங்கிவிடும். மறுநாள் காலை இன்ஜின் உதறிக்கொண்டு ஸ்டார்ட் ஆகி, வெள்ளையாகப் புகைந்து, அப்புறம் சரியாவது இதனால்தான். தேங்கியது அதிகமாக இருந்தால் கதையே வேறு. தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இதை உறுதிசெய்ய இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. ரேடியேட்டர் வாயில் வைக்கும் ஒரு குழாயில் நீலத் திரவம் இருக்கும். கூலண்டுக்குள் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு அது மஞ்சளாகிவிடும். சூடான இன்ஜினில் மட்டும் மூடியைத் திறக்கக் கூடாது. பழுது உறுதியானால் ஹெட்டைக் கழற்றி, வளைந்திருந்தால் அதன் அடிப்பரப்பைச் சமமாகச் சீவி (ஃபேசிங்), புது கேஸ்கெட் போட வேண்டும். இன்ஜின் ஏன் சூடேறியது என்று ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றையும் பார்க்காமல் விட்டால் புது கேஸ்கெட்டும் போய்விடும்.

நேரம் பார்ப்பதன் அருமை நீலப் புகையில்தான் முழுதாகத் தெரியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு தடவை குப்பென்று வந்து நின்றால், இரவில் ஆயில், வால்வ் தண்டைச் சுற்றியிருக்கும் வால்வ் சீல் வழியாகச் சொட்டியிருக்கிறது. ஏற்காடு மாதிரி மலையில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே இறங்கி, கீழே வந்து மிதித்ததும் நீலமாகக் கிளம்பினாலும் வால்வ் சீலையோ, தண்டு ஓடும் குழலான கைடையோதான் பார்க்க வேண்டும். த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் பக்கம் வெற்றிடம் உருவாகி, வால்வ் தண்டை ஒட்டி ஆயிலை உள்ளே இழுக்கும். மேடு ஏறும்போதும் வேகம் எடுக்கும்போதும் விடாமல் வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங், இல்லையேல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ.

வால்வ் சீலுக்கும் ரிங்குக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும். பல இன்ஜின்களில், சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடித்து, ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்றலாம். ரிங் என்றால் இன்ஜின் இறங்க வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர் (போர்) தேய்மானம். ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சுவரிலுள்ள ஆயிலை வழித்தெடுக்கும் ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து இறுகியிருந்தால் கம்ப்ரெஷன் நன்றாகவே காட்டும், ஆயிலும் எரிந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டியது, இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் பிசிவி வால்வ். கையளவு கூட இல்லாத அது அடைத்துக்கொண்டாலே நீலப் புகை வரும். டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் வரலாம்.

கறுப்புக்கு ஏர் ஃபில்டரை மாற்றுவது வழக்கம். கார்புரேட்டர் காலத்துக்கும் டீசலுக்கும் அது சரி. இன்றைய பெட்ரோல் கார்களில் உள்ளே வரும் காற்றைக் கணக்கிட்டே இசியூ எனும் இன்ஜின் கணினி பெட்ரோலைத் தருகிறது, எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு இலக்கு எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும், புகை வருவது அபூர்வம். ஒழுகும் இன்ஜெக்டரையோ, இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று பொய் சொல்லும் வெப்ப சென்சாரையோ தேடுவது மேல். டீசலில் டர்போ ஹோஸ் கிழிந்திருக்கிறதா, எரிந்த வாயுவில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வ் திறந்தபடி மாட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல் கார் கறுப்பாகப் புகைந்தால், கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் உடைந்திருக்கலாம், அல்லது யாரோ கழற்றியிருக்கலாம்.

புகையே வராத பழுதும் உண்டு. கொஞ்சமாக எரியும் ஆயிலை, புகையைச் சுத்தப்படுத்தும் சூடான கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எரித்து மறைத்துவிடும். ஆனால் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் அதன் மேல் படிந்து, நாளடைவில் கன்வெர்ட்டரையே செயலிழக்கச் செய்யும். அதுவரை ஆயில் குறைவது டிப்ஸ்டிக்கில்தான் தெரியும்; சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு பார்க்க வேண்டும்.