ஒரு மாதம் போன பிறகு வராதீர்கள்

போன வாரம் மஸ்கெலியாப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். பொலித்தீன் பைக்குள் நாலாக மடித்த நோட்டீஸ். மாமனார் காலத்திலிருந்து மரக்கறி போட்டு, மாட்டுப்பட்டியும் வைத்திருந்த நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லி, முழுக்கச் சிங்களத்தில். எப்போது வந்தது என்றேன். "தைப்பொங்கலுக்கு முந்தி, மிஸ்." இப்போது சித்திரை. "சும்மா இருக்கல்ல மிஸ், பொலிசில என்ட்ரி போட்டோம், தலைவருகிட்ட சொன்னோம், கொழும்புக்குக் கடிதம் போட்டோம்."

இந்த வருடத்தில் இது ஐந்தாவது ஆள்.

அரசு உங்கள் அடிப்படை உரிமையை மீறியது என்று உச்ச நீதிமன்றத்தில் போடுவதுதான் அடிப்படை உரிமை மனு. அதற்கு இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். பொலிஸ் என்ட்ரி அதை நிறுத்தாது. சங்கக் கடிதம் நிறுத்தாது. மந்திரி "பார்த்துக்கிறேன்" என்று சொன்னதும் நிறுத்தாது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால் மட்டும், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கழித்துவிடுகிறது. விசாரணை நடக்கிறது என்பதற்கும் கடிதம் கேட்டு வாங்குங்கள். வெறும் ரசீதை வைத்து வாதாடி நான் பட்ட பாடு போதும்.

அப்புறம், வருகிறவர்கள் எல்லாம் சொல்வது, "நாலு தலைமுறையா இருக்கோம்." உண்மைதான், அந்த வலி எனக்கும் தெரியும். ஆனால் அரச காணி மீட்புச் சட்டத்தின் (1979, 7ஆம் இலக்கம்) கீழ் நீதவான் கேட்பது, செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்து அதிகாரமோ உண்டா என்பதை மட்டுமே. பாட்டன் காடு வெட்டியதை அங்கே சொல்ல இடமில்லை. நம் அரசியலமைப்பில் சொத்துரிமை அடிப்படை உரிமையாகவும் இல்லை. எல்லோரையும் சமமாக நடத்தச் சொல்லும் 12(1)ஆம் உறுப்புரை வழியாக, சமமாக நடத்தவில்லை, காரணம் சொல்லவில்லை, எங்கள் பக்கத்தைக் கேட்கவில்லை என்றுதான் போக வேண்டும்.

கேட்கவில்லை என்பதை எப்படிக் காட்டுவது? நீங்கள் கேட்கச் சொன்னது எழுத்தில் இருந்தால்தான். வாயால் சொன்னதை மறுத்துவிடுவார்கள். தமிழிலேயே எழுதுங்கள், பதிவுத் தபாலில் போடுங்கள், துண்டை வைத்திருங்கள். கதவில் ஒட்டிய நோட்டீஸைக் கிழிக்குமுன் போனில் ஒரு படம். தயவுசெய்து கடித உறையை அடுப்பில் போடாதீர்கள், அதில் தபால்காரர்கள் குத்திய முத்திரையில்தான் தேதி இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு இனி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை, அதாவது அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யும் ஆணை, கேட்கும் வழிதான். அங்கேயும் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். பையை உதறிப் பார்த்தேன். அடியில் பால் சேகரிக்கும் நிலையத்துப் புத்தகம்: பதினொரு வருடம், நாள்தோறும் லீட்டர் கணக்கு, மேலே அவர் பெயர். நோட்டீஸ் நனையாமல் இருக்க தடுப்பாக வைத்தாராம்.

"இது வேணுமா மிஸ்?"

வேண்டும் அம்மா, உங்கள் பக்கத்துக்கு எழுத்தில் இருப்பது இதுதான். முதலில் இதைத்தான் எடுத்து வந்திருக்க வேண்டும்.