ஹோலோகிராம் ஒட்டினால் தேசியப் போட்டி ஆகிவிடாது

பிளஸ் டூ முடிவு வந்தால் போதும், பிள்ளைகளின் விளையாட்டுச் சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் உறையோடு பெற்றோர் வரிசைகட்டி வந்துவிடுகிறார்கள். போன வாரம் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வந்த ஓர் அப்பா, உடற்கல்வி ஆசிரியனான என்னிடம் பெருமையோடு ஒரு சான்றிதழை நீட்டினார். தங்க நிறக் கரை, ஹோலோகிராம், கீழே மூன்று கையெழுத்து, மேலே 'தேசிய சாம்பியன்ஷிப்'. போட்டி கோவாவில். நுழைவுக் கட்டணம், தங்குமிடம், சீருடை என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் பணம் கட்டியிருக்கிறார். கல்லூரிச் சேர்க்கைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் அது ஒரு மதிப்பெண்ணுக்கும் உதவாது என்று சொன்னபோது, "போட்டி நடத்திய சங்கத்துக்கு அரசாங்கப் பதிவு எண் இருக்கிறதே சார்" என்றார்.

இந்தப் பதிவு எண்ணைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஏழு பேர் கூடினால், 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். நம் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்கும்தான் பதிவு எண் இருக்கிறது. அது தேசியப் போட்டி நடத்திவிட முடியுமா? பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. ஒன்றிய அரசின் அங்கீகாரம் பெற்ற தேசியக் கூட்டமைப்பு, அதன்கீழ் மாநிலச் சங்கம், அதன்கீழ் மாவட்டச் சங்கம் என்று ஒரு சங்கிலி இருக்கிறது. மாவட்டத் தேர்வில் தேறி, மாநில அணிக்குத் தேர்வாகி, தமிழ்நாட்டின் பெயரில் ஆடினால்தான் அது தேசியப் போட்டி. பணம் கட்டிய எவரும் நேராகப் போய் ஆடலாம் என்றால், அது கட்டணச் சுற்றுலா. சிறுதொழில் பதிவு முத்திரையையும் ஐ.எஸ்.ஓ. தரச் சான்று முத்திரையையும் அச்சடித்துக்கொள்வது இன்னொரு தந்திரம்; இரண்டுக்கும் விளையாட்டு அங்கீகாரத்துக்கும் சம்பந்தமில்லை.

பொறியியலில் விளையாட்டு ஒதுக்கீடு 500 இடங்கள். எம்.பி.பி.எஸ்.ஸில் வெறும் 7. அரசுப் பணியில் 3 சதவீதம். இவ்வளவு குறைந்த இடங்களுக்கு வரும் சான்றிதழ்களைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் சும்மா புரட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடாது. 1992-இல் தொடங்கிய அந்த அமைப்பை மைதானம் பராமரிக்கும் அலுவலகம் என்றே நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள்.

பணம் கட்டும் முன், அந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடம் போய்க் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்கள் இதற்காக வேலூருக்கு பஸ் ஏற வேண்டாம். 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு உங்களுக்குத் திருப்பத்தூர். அரக்கோணத்துக்கும் ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டை. பள்ளி வழியாக நடக்கும் குறுவட்ட, மாவட்டப் போட்டிகளை, குறிப்பாகக் குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகளை, "சின்னப் போட்டிதானே" என்று தவிர்க்காதீர்கள். மாநிலப் போட்டிக்குப் போகும் வழி அதுதான். கிளாஸ்கோவிலும் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்ற பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் இதே சத்துவாச்சாரிக்காரர். கோவா விடுதியில் பதக்கம் வாங்கி யாரும் அந்த இடத்துக்குப் போனதில்லை.

தயவுசெய்து அசல் சான்றிதழை லேமினேஷன் செய்யாதீர்கள். பின்னால் முத்திரை வைக்க வேண்டி வந்தால் மை பிடிக்காது; உரித்தால் கையெழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.