மீசைச் சாயமும் சேலைப் பின்னும்

"பொம்பளைங்களுக்குத்தானே டாக்டர் இந்தக் கவரிங் அலர்ஜி எல்லாம்?" என்று இடுப்பைச் சொறிந்துகொண்டே கேட்கும் அண்ணன்கள் அடிக்கடி வருகிறார்கள். சட்டையைத் தூக்கச் சொன்னால், தொப்புளுக்குக் கீழே பெல்ட் பக்கிள் உரசும் இடத்தில் மட்டும் தோல் கறுத்துத் தடித்திருக்கும். கவரிங் தோட்டில் இருக்கும் அதே நிக்கல் என்ற உலோகம்தான் காரணம். இவர் அதற்கு வேர்வைப் புண் என்று பெயர் வைத்து, வருடக்கணக்கில் பவுடர் போட்டுக்கொண்டிருப்பார்.

அவர் கேள்வியில் பாதி உண்மை. நிக்கல் ஒவ்வாமை பெரும்பாலான நாடுகளில் பெண்களிடம்தான் அதிகம். ஹார்மோன்தான் காரணமா என்றால், ஒரே ரசாயனத்தை இருபாலர் தோலிலும் தடவிப் பார்த்த ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. காது குத்துவது பற்றி அந்தக் குழப்பம் இல்லை. குத்திய துளையில் நிக்கல் கசிந்தால், உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அதை நினைவில் வைத்துக்கொள்கின்றன. பல வருடம் கழித்துத் தொட்டாலும் ஒன்றிரண்டு நாளில் அரிப்பு கிளம்பும். காது குத்திய ஆண்களிடமும் இது கூடுதல்தான். டென்மார்க் 1990இல் நகையிலிருந்து கசியும் நிக்கலுக்கு வரம்பு வைத்தது. அதன் பிறகு காது குத்திய இளம்பெண்களிடம் இந்த ஒவ்வாமை குறைந்தது. அந்த ஊர்ப் பெண்களின் ஹார்மோனா மாறியது? தோடுதான் மாறியது.

நம் பெண்கள் 916 தங்கத் தோடு போட்டிருப்பார்கள். அதில் பெரும்பாலும் வம்பில்லை. நான் தோளைப் பார்ப்பேன். சேலை முந்தானையைக் குத்தும் பின், ஜாக்கெட் கொக்கி, இரண்டும் படும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்புத் திட்டு இருக்கும். ஒட்டுப்பொட்டின் பசை இன்னொரு தொல்லை. சிலருக்கு நெற்றி நடுவில் நிறமே போய்விடும். தீபாவளி சமயத்தில் கறுப்பு மருதாணி. உண்மையான மருதாணி ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பாகத்தான் பிடிக்கும். கன்னங்கரேல் என்று பிடித்தால் அதில் முடிச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சாயம் என்றதும் ஆண்கள் பக்கம் வரவேண்டும். தலைக்கு அடிப்பதை ஒத்துக்கொள்வார்கள், மீசைக்கு அடிப்பதை வாய் திறந்து சொல்லமாட்டார்கள். மேலுதடு வீங்கி நீர் வடியும்போதும் "இறால் சாப்பிட்டேன், அதுதான்" என்பார்கள். மீசையோ பளபளவென்று கறுப்பாக இருக்கும்!

இங்கே சிங்கப்பூரில் நான் அதிகம் கவலைப்படுவது கட்டுமானத் தம்பிகளைப் பற்றி. ஈரச் சிமெண்டின் காரம் முதலில் தோலை அரிக்கும்; அதிலுள்ள குரோமேட் என்ற குரோமிய உப்பு பிறகு ஒவ்வாமையைக் கிளப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமெண்டில் கரையும் குரோமேட்டை 2 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 2 பங்குக்குள்) கட்டுப்படுத்தியிருக்கிறது. வந்துவிட்ட குரோமேட் ஒவ்வாமை லேசில் போகாது. சிமெண்டை விட்டுவிட்ட பிறகும் சிலருக்குக் கால் ஆறுவதில்லை, ஏனென்றால் குரோமியத்தால் பதப்படுத்திய தோல் பூட்ஸை மாற்றியிருக்கமாட்டார்கள். கையைக் காக்க என்று போட்ட ரப்பர் உறையின் ரசாயனமே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

இவர்களில் பலர் பரிசோதனைக்கே வருவதில்லை. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கும் பேட்ச் டெஸ்டுக்கு, ரசாயனம் தடவிய பட்டைகளை முதுகில் ஒட்டி 2 நாள் விடவேண்டும். முதுகில் தண்ணீர் படக்கூடாது, வேர்க்கவும் கூடாது. எடுத்த அன்று ஒரு முறை, பிறகு இன்னொரு நாள் மறுபடி பார்க்கவேண்டும். சைட்டில் நிற்கும் தம்பிக்கு அத்தனை நாள் சம்பளம் யார் தருவார்? மருத்துவமனைப் புள்ளிவிவரத்தில் ஆண்கள் குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

வேலையால் வரும் தோல் நோய்க்குச் சிங்கப்பூரில் இழப்பீடு கேட்கலாம். அதனால் கையில் வெடிப்பும் அரிப்பும் விடாமல் இருந்தால், மருந்துக்கடை ஸ்டீராய்டு கிரீமோடு நிறுத்திவிடாமல் பாலிகிளினிக்கில் காட்டுங்கள், செய்யும் வேலையையும் சொல்லுங்கள். வரும்போது பூட்ஸையும் கையுறையையும் எடுத்து வாருங்கள். அண்ணன்மார்கள் அந்த மீசைச் சாயப் பெட்டியையும் சேர்த்து.