பி.எச்.டி. கட்டணமும் அப்பாவின் ஈபிஎஃப் பணமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு பிள்ளை அரசியல் அறிவியலில் பி.எச்.டி. படிக்கப் போகிறேன் என்றால், "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். 1948 ஜூன் 16-இல் இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலமே வந்தது. ஆராய்ச்சிக்கா இங்கே பஞ்சம்? சரி, அடுத்த கேள்வி காசு.

உபகாரச் சம்பளம் கிடைக்காவிட்டால் முதலில் ஈபிஎஃப்பை, அதாவது ஓய்வுக்காலத்துக்காகச் சம்பளத்திலிருந்து சேரும் ஊழியர் சேமநிதியைப் பாருங்கள். 2024 மே 11 முதல், 55 வயதுக்குட்பட்டவர்களின் சந்தாவில் 15 விழுக்காடு 'செஜாத்ரா' கணக்கில் விழுகிறது. படிப்புக்கு அதிலிருந்து எடுக்கலாம். டிப்ளோமா, டிகிரிக்கு மட்டும்தான் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முனைவர் பட்டமும் அதில் அடக்கம். மாணவர் தன் கணக்கிலிருந்து எடுக்கலாம், அம்மா அப்பாவும் பிள்ளைக்காக எடுக்கலாம். கட்டணம், கணக்கில் உள்ள பணம், இரண்டில் எது குறைவோ அவ்வளவுதான் கிடைக்கும்.

பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் வேண்டும். அப்பா எடுத்தால் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் வேண்டும். தோட்டத்துக் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்தக் காலத்துக் கிராணி (தோட்ட எழுத்தர்) எழுதிக் கொடுத்தபடி பத்திரத்தில் அப்பா பெயர் 'முன்னியாண்டி', மைகார்டில் (அடையாள அட்டையில்) 'முனியாண்டி'. இதை முன்கூட்டியே பதிவிலாகாவில் கேட்டுச் சரிசெய்துவிடுங்கள். பால்மரம் வெட்டிச் சேர்த்த பணம் அது. பிள்ளை வேலைக்குப் போயிருந்தால் அவர் கணக்கிலிருந்தே முதலில் எடுப்பது நல்லது என்பேன்.

அப்புறம் வருமான வரி. வேலை செய்துகொண்டே படிப்பவர், அரசு அங்கீகரித்த உள்நாட்டுக் கல்விக்கூடத்தில் கட்டும் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வரிக் கழிவு கேட்கலாம். டிகிரி வரை சட்டம், கணக்கியல், தொழில்நுட்பம் என்று சில துறைகளுக்குத்தான் இந்தச் சலுகை, மாஸ்டர், பி.எச்.டி. என்றால் எந்தத் துறையும் செல்லும். கழிவு என்றால் 7,000 வெள்ளியும் கைக்கு வந்துவிடாது. வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி என்றால் அந்த 7,000 வெள்ளிக்கு 11 விழுக்காடு வரி, மிச்சமாவது 770 வெள்ளி.

கல்யாணமாகாத பிள்ளை முழுநேரமாகப் படித்தால், வரி கட்டும் அம்மாவோ அப்பாவோ 8,000 வெள்ளி கழிவு கேட்கலாம். பிள்ளைக்கு முப்பது வயதானாலும் சரி. ரசீதுகளை ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள், பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாலும் போதும்.