லேண்ட்ஸ்கேப் – நிலத்தோற்றம்

'லேண்ட்ஸ்கேப்' என்றதும் பலருக்கு நினைவு வருவது வீட்டு முகப்பில் புல்தரை போடும் வேலை. இல்லையென்றால், கைபேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து எடுக்கும் படம். சொல்லின் கதை இவற்றைவிடப் பெரிது.

பிறந்த இடம் டச்சு மொழி. 'லாண்ட்' என்றால் நிலம். 'ஸ்காப்' ஒரு விகுதி. 'லாண்ட்ஸ்காப்' முதலில் ஒரு வட்டாரத்தையும், பிறகு அதை வரைந்த ஓவியத்தையும் குறித்தது. 1600-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் ஓவியர்களின் சொல்லாகத்தான். கண்முன் விரியும் நிலத்துக்கே அது பெயரானது அப்புறம்.

இன்று அது, எங்கே எதைக் கட்டலாம் என்று முடிவு செய்யும் திட்டமிடல் துறையின் சொல்லும்கூட. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அழகுமிக்க நிலப்பகுதிகளைப் பாதுகாக்கத் தொடங்கினார்கள். 1956-இல் முதலாவதாக அறிவிக்கப்பட்டது வேல்ஸின் கோவர் தீபகற்பம். 2023 நவம்பரில் இப்பகுதிகளுக்கு 'நேஷனல் லேண்ட்ஸ்கேப்' என்று புதுப்பெயர் சூட்டினார்கள்.

இவற்றில் மிகப் பெரியது இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப்பகுதி, இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். வேலி போட்டு மூடிய காடல்ல அது. ஊர்கள் இருக்கின்றன, ஆடு மேய்கிறது, நிலம் பெரும்பாலும் தனியாருடையது. வயலோரங்களில் சாந்து பூசாமல் சுண்ணாம்புக் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் ஓடும். அங்கே வீடு கட்ட வேண்டுமானால், சுவர் எந்தக் கல், கூரை எவ்வளவு சரிவு, குன்றின் முகட்டுக்கு மேல் கட்டடம் தலைநீட்டுமா என்றெல்லாம் பார்த்துத்தான் உள்ளாட்சி மன்றம் அனுமதி தரும். பெரிய திட்டம் என்றால், விதிவிலக்கான சூழலும் பொதுநலனும் இருப்பதைக் காட்டியாக வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இயற்கைக்காட்சி' பொருந்தாது, அந்தக் கற்சுவர் மனிதர் கைவேலை. 'நிலக்காட்சி' ஓவியத்துக்குச் சரி. 2000-இல் ஃப்ளாரன்ஸ் நகரில் கையெழுத்தான ஐரோப்பிய உடன்படிக்கை இரண்டு செய்திகளைச் சேர்த்தே 'லேண்ட்ஸ்கேப்'பை வரையறுக்கிறது: மக்கள் அந்த நிலத்தை எப்படி உணர்கிறார்கள், இயற்கையும் மனிதரும் அதை எப்படி உருவாக்கினார்கள். 'தோற்றம்' என்ற சொல்லில் இரண்டும் உண்டு. தென்படுவதும் தோற்றம், உண்டாவதும் தோற்றம். ஆகவே 'நிலத்தோற்றம்' என்பதே என் தேர்வு. திட்ட ஆவணங்களில் 'நிலத்தோற்றப் பாதுகாப்பு' என்று தயங்காமல் எழுதலாம். புல்தரை வேலைக்குத் 'தோட்ட அமைப்பு' போதும்.